டிரெய்லர் இழுக்கும் ஆட்டோமேட்டிக் பிக்கப்பில் கியர் பாக்ஸ் மக்கர் செய்தால்

இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்கப்களின் ஆட்டோமேட்டிக் மாடல்களில் இருப்பது 6 கியர் டார்க் கன்வர்ட்டர் பாக்ஸ். ஃபைபர் வள்ளம் ஏற்றிய டிரெய்லர், கல்யாண வீட்டு ஜெனரேட்டர், கான்கிரீட் மிக்சர் என்று பின்னால் எதைக் கொளுவினாலும் முதல் அடி இந்தப் பாக்ஸுக்குத்தான். அது மக்கர் செய்யும்போது "பாக்ஸ் போச்சு, இறக்கணும்" என்ற பேச்சு ஒர்க்‌ஷாப்பில் சட்டென்று வந்துவிடும். ஆயில், ஃபியூஸ், பேட்டரி, ஸ்கேனர் இந்த நான்கையும் பார்க்காமல் இறக்கச் சம்மதிக்காதீர்கள். ஒரு லீக், ஒரு துருப்பிடித்த பிளக், ஒரு சோலினாய்டு (ஆயில் வழியைத் திறந்து மூடும் மின்வால்வு) என்ற அளவில் முடிகிற வேலையும் வெளிப்பார்வைக்குப் பாக்ஸ் செத்ததைப் போலவே தெரியும்.

இங்கே சொல்வதெல்லாம் டார்க் கன்வர்ட்டர் பாக்ஸுக்கு மட்டும். சிவிடி, ஏஎம்டி, டிசிடி என்ற மற்ற ஆட்டோமேட்டிக் வகைகள் மூன்றும் வேறு ஜாதி. அவற்றுக்கு இந்த அளவுகள் பொருந்தாது.

கொல்வது சூடு

மேனுவல் வண்டியில் எஞ்சினையும் கியரையும் கிளட்ச் பிளேட் இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக்கில் நடுவில் இருப்பது ஆயில். கன்வர்ட்டருக்குள் ஒரு விசிறி ஆயிலை அடிக்க, அந்த அடியில் இன்னொரு விசிறி சுற்றுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாத நேரமெல்லாம் அந்த வித்தியாசம் முழுக்கச் சூடாக மாறும். ஓரளவு வேகம் வந்தபின் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் பூட்டிவிடும். அப்போது சூடு இறங்கும். பாரத்தோடு மெதுவாக ஏறும்போதும், நெரிசலில் நின்று நின்று நகரும்போதும் லாக்-அப் பிடிக்காது.

ஆயில் 80 முதல் 95 டிகிரிக்குள் இருந்தால் நெடுநாள் தாங்கும். அதற்குமேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது பாக்ஸ் வேலை பார்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 115-ஐத் தாண்டினால் ஆயில் வார்னிஷாகி வால்வுகளில் ஒட்டத் தொடங்கும். 130-ஐ நெருங்கினால் ரப்பர் சீல்கள் இறுகும். 145 வாக்கில், கியர்களைப் பிடிக்கப் பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் பிளேட்கள் வழுக்கிக் கருகும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி பிளக்கில் செருகும் சின்னக் கருவி ஒன்றும் போனில் ஒரு ஆப்பும் இருந்தால் பல வண்டிகளில் இந்த டிகிரியை ஓட்டும்போதே பார்க்கலாம். டேஷ்போர்டில் சூட்டு விளக்கு எரிவதற்கு வெகு முன்னமே இது உங்களை எச்சரித்துவிடும். டிரெய்லர் இழுப்பவர்கள் முதலில் வாங்க வேண்டிய சாமான் இதுதான்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பாக்ஸ் சூடாகும் இடங்கள் தெரிந்தவைதான். மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழே நெரிசலில் ஊர்வது ஒன்று. குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் ஏறுவது இன்னொன்று. பலரும் கணக்கில் எடுக்காதது ஆரல்வாய்மொழிக் காற்று. தென்மேற்குப் பருவத்தில் கணவாய் வழியாகக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே பாயும். வள்ளியூர் பக்கமிருந்து நாகர்கோவிலுக்கு வருகிற வண்டிக்கு அது நேர் எதிர்க்காற்று. உயரமான வள்ளத்தையோ தார்ப்பாய் கட்டிய சரக்கையோ இழுத்து வந்தால், ரோடு சமமாக இருந்தும் பாக்ஸ் ஆறாவது கியருக்கும் நாலாவதுக்குமாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் லாக்-அப் விட்டுப் பிடிக்கிறது, பிளேட் தேய்கிறது. லீவரை மேனுவல் பக்கம் தள்ளி நாலாவது கியரில் நிறுத்துங்கள். டீசல் எஞ்சின் 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில் சுற்றட்டும்; சத்தம் கொஞ்சம் கூடினாலும் பாக்ஸ் குளிர்ந்து ஓடும்.

வழியில் சூடானால், வழுக்கினால்

ஆர்பிஎம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. அல்லது சூட்டு விளக்கு வந்துவிட்டது. ஓரம் கட்டி, ஹசார்ட் போட்டு, டிரெய்லர் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். அடுத்து வண்டிக்குக் கீழே குனிந்து பாருங்கள். சிவப்பு ஆயில் ஒழுகினால் எஞ்சினை உடனே அணைக்க வேண்டும். ஒழுகவில்லை என்றால் அணைக்கக் கூடாது. பாக்ஸுக்குள் இருக்கும் ஆயில் பம்ப் எஞ்சினோடுதான் சுற்றுகிறது. எஞ்சின் நின்றால் கொதிக்கிற ஆயில் கூலருக்குப் போகாமல் பிளேட்டுகளின் மேலேயே நிற்கும். லீவர் பி-யில், ஏசி அணைத்து, ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டு 1,000–1,200 ஆர்பிஎம்மில் பத்து நிமிஷம் ஓட விடுங்கள். டிகிரி 95-க்குக் கீழே இறங்கியபின் டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியை மட்டும் மெதுவாக எடுத்துப் பாருங்கள்.

வண்டி ஒரே கியரில், பெரும்பாலும் மூன்றாவதிலோ நாலாவதிலோ மாட்டிக்கொண்டு நகர்ந்தால் அது லிம்ப் மோடு. கம்ப்யூட்டர் ஏதோ கோளாறைக் கண்டு தன்னைக் காத்துக்கொள்கிறது. டிரெய்லர் இல்லாமல் பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை போகலாம். டிரெய்லரோடு போனால் பிழைத்த பிளேட்டும் போகும்.

லீவர் பி-யை விட்டு வரவே மாட்டேன் என்றால் பாக்ஸைப் பழி சொல்லுமுன் டிரெய்லர் லைட் பிளக்கைப் பாருங்கள். கடற்கரையில் ஓடும் வண்டிகளில் அந்தப் பிளக்கின் பித்தளைப் பின்கள் பச்சை பூத்து, ஒன்றோடொன்று ஷார்ட் ஆகும். பிரேக் லைட் ஃபியூஸ் எரியும். பிரேக்கை மிதித்த தகவல் கம்ப்யூட்டருக்குப் போகாததால் லீவர் பூட்டு திறக்காது. லீவர் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதை நெம்பி எடுத்து ஸ்க்ரூடிரைவரால் உள்ளே அழுத்தியபடி, காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு லீவரை நகர்த்தலாம். பிறகு ஃபியூஸை மாற்றி, பிளக்கைச் சுத்தம் செய்து டைஎலக்ட்ரிக் கிரீஸ் பூசுங்கள்.

ரெக்கவரி வண்டிக்காரரிடம் சொல்ல வேண்டியது

பாதி உயிரோடு இருக்கிற பாக்ஸ் முழுக்கச் சாவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். போன் செய்யும்போதே "ஆட்டோமேட்டிக், 4 வீல் டிரைவ், பிளாட்பெட் வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். கொக்கியால் முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரம் ரோட்டில் உருள இழுத்தால், பின்சக்கரம் புரொப்பல்லர் ஷாஃப்டைச் சுற்றும், ஷாஃப்ட் பாக்ஸின் உள்பாகங்களைச் சுற்றும். எஞ்சின் அணைந்திருப்பதால் பம்ப் சுற்றாது, ஆயில் சொட்டுகூட ஏறாது. புஷ்ஷும் பேரிங்கும் உலர்ந்தே உரசும். நியூட்ரலில் போட்டாலும் இதே கதைதான். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் ஆட்டோமேட்டிக்கில் நடக்காது. முயன்று பார்க்கவும் வேண்டாம்.

பிளாட்பெட் கிடைக்கவே இல்லை என்றால் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி இழுக்கலாம். டிஃபரன்ஷியல் பக்கத்து ஃபிளாஞ்சில் நான்கு போல்ட் இருக்கும். இரண்டு ஃபிளாஞ்சுக்கும் குறுக்கே பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது கோடு சேராவிட்டால் வண்டி அதிரும். கழற்றிய ஷாஃப்டைக் கம்பியால் சேசிஸில் இறுகக் கட்டிவைக்க வேண்டும். பாக்ஸ் பக்கத்து முனையைப் பிடுங்கினால் சில மாடல்களில் அந்த ஓட்டை வழியே ஆயில் கொட்டும். அதனால் பின்முனையை மட்டும் விடுவித்துக் கட்டுவதே நல்லது. 4 வீல் டிரைவில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (சுழற்சியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டி) 2 எச்-இல், அதாவது பின்சக்கர ஓட்டத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆயிலைப் பார்ப்பது

நோய் என்ன என்று பாதி சொல்லிவிடுவது ஆயில். இந்தப் பாக்ஸ்களில் பலவற்றுக்கு டிப்ஸ்டிக் கிடையாது. மேலே ஒரு ஃபில் பிளக், ஆயில் பானின் அடியில் ஒரு ஓவர்ஃப்ளோ பிளக் என்ற அமைப்புதான். அளவு சரியா என்பது டிகிரியோடு சேர்ந்த விஷயம், ஏனென்றால் ஆயில் சூட்டில் விரியும். பல டொயோட்டா பாக்ஸ்களில் 40 டிகிரியை ஒட்டித்தான் அளவு பார்ப்பார்கள். உங்கள் மாடலுக்கான டிகிரி சர்வீஸ் மேனுவலில் இருக்கும், அதையே எடுங்கள்.

1. வண்டியை நான்கு பக்கமும் ஒரே மட்டத்தில் தூக்குங்கள். முன்பக்கம் மட்டும் ஜாக்கி வைத்தால் அளவு தப்பும்.
2. ஃபில் பிளக்கை முதலில் திறக்க வேண்டும். உப்புக்காற்றில் துருவேறி அது அசையாமல் போகும் வண்டிகள் இங்கே நிறைய. ஆயிலை வடித்தபின் ஃபில் பிளக் திறக்கவில்லை என்றால் வண்டி அங்கேயே நின்றுவிடும். முந்தின நாளே துருநீக்கி அடித்து வையுங்கள்.
3. எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் பிரேக்கை மிதித்தபடி லீவரை பி, ஆர், என், டி என ஒவ்வொன்றிலும் மூன்று நொடி நிறுத்தி மறுபடி பி-க்குக் கொண்டுவரட்டும். கன்வர்ட்டரும் வால்வ் பாடியும் நிறைவது இதில்தான்.
4. ஸ்கேனரில் டிகிரி வந்ததும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவே ஓவர்ஃப்ளோ பிளக்கைத் திறங்கள். தாரையாக வந்தால் சொட்டாகும் வரை விடுங்கள். ஒன்றும் வராவிட்டால் ஃபில் ஓட்டை வழியாக, கீழே சொட்டும்வரை ஆயில் விடுங்கள்.
5. புது வாஷர் போட்டு, மேனுவல் சொல்லும் டார்க்கில் (முறுக்கு அளவில்) பூட்டுங்கள்.

வடிந்த ஆயிலில் ஒரு துளியை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் விட்டுச் சில நிமிஷம் கழித்துப் பாருங்கள். சிவப்பாகச் சீராகப் பரவினால் ஆயில் உயிரோடு இருக்கிறது. நடுவில் கருவட்டம் நின்று, ஓரம் மட்டும் பரவினால் பிளேட்டின் தூள் கலந்திருக்கிறது. கருகல் வாடை அடித்தால் பிளேட் எரிந்தாயிற்று. ரோஸ் மில்க் நிறமாக இருந்தால் உள்ளே தண்ணீரோ கூலன்டோ சேர்ந்திருக்கிறது. அந்த வண்டியை ஒரு அடிகூட நகர்த்தக் கூடாது. ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையானால் கூலன்ட் பாக்ஸுக்குள் வரும். கூலன்டில் உள்ள கிளைக்கால் பிளேட்டின் லைனிங்கை ஒட்டியிருக்கும் பசையையே கரைத்துவிடும். ஆயில் மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிளேட், கன்வர்ட்டர், ரேடியேட்டர் மூன்றும் செலவில் வரும்.

ஆயில் பானை இறக்கினால் உள்ளே காந்தங்கள் இருக்கும். சாம்பல் நிறப் பசை மெல்லிசாகப் படிந்திருப்பது வழக்கம்தான். இரும்புச் சுருள், ஊசி போன்ற துண்டு இருந்தால் கியரோ பேரிங்கோ உடைகிறது. மஞ்சள் மினுக்கு பானில் தெரிந்தால் புஷ் தேய்கிறது. கறுப்புச் செதில் என்றால் பிளேட் லைனிங்.

பான் வழியாக வடிவது மூன்று நான்கு லிட்டர்தான். மொத்தக் கொள்ளளவு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு, மீதி கன்வர்ட்டருக்குள் நிற்கும். ஒருமுறை வடித்து ஊற்றிவிட்டு "புது ஆயில்" என்று சொல்ல முடியாது. வடித்து, ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி வடிப்பது என்று மூன்று தடவை செய்தால் குறைந்தது எழுபது சதவீதம் புதிதாகும். மெஷின் வைத்து அழுத்தமாக ஃப்ளஷ் செய்வதை, ஆயில் ஏற்கெனவே கருகியிருக்கும் பாக்ஸில் செய்ய வேண்டாம். மூலையில் கிடக்கும் கசடு கிளம்பி வால்வில் போய் அடைக்கும். மேனுவல் சொல்லும் ஆயில் எதுவோ அதையே ஊற்றுங்கள். எல்லாப் பாக்ஸுக்கும் பொருந்தும் என்று டின்னில் எழுதியிருப்பதை நம்பி உராய்வுத் தன்மை மாறிய ஆயிலை ஊற்றினால் லாக்-அப் நடுங்கும்.

எது என்ன நோய்

டி-யிலும் ஆர்-இலும் வண்டி அசையவில்லை என்றால் ஆயில் குறைவா, லீவர் கேபிள் கழன்றதா, டிரான்ஸ்ஃபர் கேஸ் நடுவில் மாட்டியதா என்று பார்த்துவிட்டு பம்ப், கன்வர்ட்டர் பக்கம் போங்கள். ஒன்று ஓடி மற்றது ஓடவில்லை என்றால் அந்தந்தக் கிளட்ச். 60–80 கிலோமீட்டர் வேகத்தில், ஆக்சிலேட்டரை லேசாக மிதித்திருக்கும்போது வண்டி விறைத்து நடுங்கினால் லாக்-அப் கிளட்ச். ஆரம்பக் கட்டத்தில் ஆயில் மாற்றமே இதைத் தீர்த்துவிடுவது உண்டு.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை: ஆயில் சூடானபின், பிரேக்கை மிதித்து, என்-இலிருந்து டி-க்கு மாற்றிப் பிடிப்பு விழும் நேரத்தை ஸ்டாப்வாட்சில் எடுங்கள். டொயோட்டா பாக்ஸ்களுக்கு டி-க்கு 1.2 நொடி, ஆர்-க்கு 1.5 நொடி என்பது எல்லை. அதைத் தாண்டினால் பிரஷர் குறைவு அல்லது சீல் இறுகியிருக்கிறது. ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் ஒரு நிமிஷம் இடைவெளி விடுங்கள். பிரேக்கை மிதித்து ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தும் ஸ்டால் டெஸ்ட்டை மட்டும் வீட்டில் செய்யவே வேண்டாம். ஐந்து நொடி தாண்டினாலே ஆயில் கொதித்துவிடும்.

ஸ்கேனரில் பி0700 என்ற கோடு (கோளாறு எண்) வந்தால் அது "பாக்ஸ் கம்ப்யூட்டரில் கோளாறு பதிவாகியிருக்கிறது" என்ற தகவல் மட்டுமே. உள்ளே வேறு கோடு இருக்கும். பி0218 சூடு மீறியது. பி0741 லாக்-அப் பிடிக்கவில்லை. பி0730-இலிருந்து தொடர்பவை கியர் விகிதம் தப்புவது, அதாவது பெரும்பாலும் வழுக்கல். பி0715, பி0720 வேகம் அளக்கும் சென்சார்கள். கோடுகளை அழிக்குமுன் போட்டோ எடுத்துவைக்கச் சொல்லுங்கள். பேட்டரி வோல்டேஜையும், எஞ்சினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் பட்டையையும் அப்போதே பாருங்கள். உப்பில் அரித்த எர்த் பட்டை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு கோடுகளைச் சேர்த்துக் கொண்டுவரும்.

மணலும் உப்புத் தண்ணீரும்

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து சின்னமுட்டம் வரை கரையில் வள்ளம் ஏற்றி இறக்குபவர்களுக்கு இது. மணலில் சக்கரம் புதைந்து வண்டி நகராமல் நிற்க, ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தால் எஞ்சினின் சக்தி அவ்வளவும் கன்வர்ட்டர் ஆயிலைக் காய்ச்சுவதற்குத்தான் போகிறது. பத்து நொடியில் நகரவில்லை என்றால் காலை எடுங்கள். டயர் காற்றை 18–20 பிஎஸ்ஐக்கு இறக்கி, 4 எல் (நான்கு சக்கர லோ ரேஞ்ச்) போட்டு, நேராக இழுங்கள். லோ ரேஞ்சில் சக்கரத்துக்கு விசை கூடுவதால் கன்வர்ட்டர் வழுக்குவது குறையும். ரோட்டுக்கு வந்ததும் காற்றை நிரப்பி 2 எச்-க்கு மாறிவிடுங்கள்.

சரிவில் நிறுத்தும்போது நேராக பி போட்டு இறங்கக் கூடாது. வண்டி, டிரெய்லர், வள்ளம் மூன்றின் எடையும் பாக்ஸுக்குள் இருக்கும் விரல் அளவுக் கொக்கியில் தொங்கும். பிரேக்கை மிதித்தபடி என்-க்கு வாருங்கள், ஹேண்ட்பிரேக்கை இழுங்கள், காலை மெல்ல எடுத்து எடை ஹேண்ட்பிரேக்கில் இறங்குகிறதா என்று பாருங்கள், பிறகுதான் பி.

பின்பக்கத்தைத் தண்ணீருக்குள் இறக்குவதானால் முதலில் இருபது நிமிஷம் ஆறவிடுங்கள். சூடான பாக்ஸும் டிஃபரன்ஷியலும் குளிர்ந்த தண்ணீரில் மூழ்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் (காற்று போய்வரும்) குழாய் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். பிரீதரை ஹோஸ் போட்டு எஞ்சின் ரூம் உயரத்துக்கு நீட்டிவிடுவது சின்ன வேலை, காப்பாற்றுவது பெரிய செலவு. கரையேறியதும் அடிப்பாகத்தையும் கூலர் பைப்புகளையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அந்தப் பைப்புகள் கிளிப்புக்குள் அரித்து ஊசித்துளை விழுவது வெளியே தெரியாது.

பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும் என்றால்

எழுதித் தரும் எஸ்டிமேட்டில் கிளட்ச் பிளேட் செட், ஸ்டீல் பிளேட், சீல் கிட், ஃபில்டர், பம்ப் புஷ், கன்வர்ட்டர், எத்தனை லிட்டர் ஆயில், கூலர் கழுவுதல் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். கன்வர்ட்டரை விட்டுவிட்டு பிளேட் மட்டும் மாற்றினால் பழைய கசடு முதல் நாளே புதுப் பாக்ஸுக்குள் இறங்கும். கூலரும் அப்படியே. கழுவ முடியாத கூலரை மாற்றிவிடுவதே மேல்.

பூட்டும்போது பார்க்க வேண்டியவை: புது லைனிங் பிளேட்கள் அரைமணி நேரமாவது புது ஆயிலில் ஊற வேண்டும். ஒவ்வொரு கிளட்சின் இடைவெளியையும் ஃபீலர் கேஜால் அளந்து எழுத வேண்டும். கன்வர்ட்டருக்குள் ஒரு லிட்டர் வாக்கில் ஆயில் ஊற்றி, சுற்றிச் சுற்றி உள்ளே தள்ளும்போது அது படிப்படியாக இறங்கி முழுக்க உட்கார வேண்டும். உட்காராத கன்வர்ட்டரை பெல் ஹவுசிங் போல்ட்டை முறுக்கி இழுத்தால் பம்ப் கியர் நொறுங்கும். ஸ்டார்ட் செய்த நிமிஷமே பாக்ஸ் திரும்ப மேஜைக்கு வரும்.

பழைய பாக்ஸ் வாங்கிப் போடுவதானால் பாக்ஸின் கோடு எண் உள்ள தகடு பொருந்த வேண்டும், கம்ப்யூட்டரும் அதற்கேற்ப எழுதப்பட வேண்டும். 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு மூழ்கிய வண்டிகளின் பாகங்கள் பற்றிய எச்சரிக்கை நம் பக்கத்துக்கும் பொருந்தும்; பானைத் திறந்து காட்டாத பாக்ஸை வாங்காதீர்கள். டிரெய்லர் இழுத்தாலும் வாரன்டி உண்டு என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

ரேடியேட்டர் கூலருக்குப் பிறகு, ஏசி கண்டன்சருக்கு முன்னால் ஒரு தனிக் கூலர் வைப்பதற்கும் இதுவே சமயம். ஸ்டாக்டு பிளேட் வகை நல்லது. ஆயிலுக்கென்று உள்ள ஹோஸே வேண்டும். ரேடியேட்டர் தண்ணீர் ஹோஸ் சில மாதத்தில் உப்பிப் பிளக்கும். கொக்கியின் மேல் விழும் எடை டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1,500 கிலோவுக்கு 150 கிலோ அளவில் இருக்கும்படி சரக்கை வையுங்கள். மொத்த எடை வண்டியின் மேனுவல் சொல்லும் இழுவை எல்லைக்குள் அடங்க வேண்டும்.

பாக்ஸ் பூட்டியதும் ஸ்கேனரில் பழைய அடாப்டேஷனை அழித்துப் புதிதாகக் கற்றுக்கொள்ள விட வேண்டும். இல்லையென்றால் தேய்ந்த பிளேட்டுக்கான பிரஷரையே கம்ப்யூட்டர் புதுப் பிளேட்டுக்கும் கொடுக்கும். முதல் 500 கிலோமீட்டர் டிரெய்லர் வேண்டாம். 1,000-இல் ஆயில் அளவையும் கூலர் இணைப்புகளையும் பார்த்து, பானில் இருந்து வடிகிற அளவு ஆயிலை மாற்றுங்கள். அதன்பின் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. "ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம்" என்ற வாக்கு டிரெய்லர் இழுக்காத வண்டிகளுக்குச் சொன்னது.